புள்ளி வைத்த இடமெல்லாம் குவெரி

பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஒரு ஆர்டர் பட்டியல் பக்கம். பக்கத்துக்கு 50 ஆர்டர், ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர், வாங்கிய பொருட்களின் பெயர். ஆர்டருக்கு 3 பொருள் என்று வைத்துக்கொள்வோம். டேட்டாவை எடுக்கும் வியூவில் ஒரே வரி, பக்கத்தை வரையும் டெம்ப்ளேட்டில் ஒரு லூப், அதற்குள் இன்னொரு லூப். பார்க்கச் சுத்தமான நிரல்தான். ஆனால் டேட்டாபேஸுக்கு 251 குவெரி போகிறது.

ஆர்டர்களை எடுக்க 1. வாடிக்கையாளருக்கு 50. ஆர்டர் ஐட்டங்களுக்கு 50. ஒவ்வொரு ஐட்டத்திலும் 'ஐட்டம்.ப்ராடக்ட்' என்று புள்ளி வைக்கும்போதுதான் ஜாங்கோ பொருளை எடுக்கப் போகும், அதனால் 150. ஒரே பொருள் பத்து ஆர்டரில் வந்தால் பத்து முறையும் எடுக்கப்படும். பைத்தானின் இன்னொரு டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஒரு செஷனுக்குள் ஏற்கனவே எடுத்த ரோவை (டேபிளின் ஒரு வரிசையை) ஐடியை வைத்தே திருப்பித் தந்துவிடும். ஜாங்கோவில் அந்த வசதி இல்லை, எடுத்தது அந்தந்த ஆப்ஜெக்ட்டோடு நின்றுவிடும்.

டேட்டாபேஸ் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும்வரை இது கண்ணில் படாது. சர்வரில் அது வேறு மெஷினில் இருந்து, ஒரு குவெரி போய்வர 2 மில்லிசெகண்ட் பிடித்தாலே அரை செகண்ட் காலி. டேட்டாபேஸ் அட்மினிடம் கேட்டால் மெதுவான குவெரி எதுவுமே இல்லை என்பார். அவர் சொல்வதும் சரிதான், தனித்தனியாக எல்லாமே வேகமானவை.

வாடிக்கையாளர் ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளின் ரோவைச் சுட்டும் ஃபீல்டு; ஆர்டருக்கு ஒருவர்தான். 'செலக்ட்_ரிலேட்டட்' போட்டால் இரண்டு டேபிளும் ஜாயின் ஆகி (இணைந்து) அதே குவெரியில் வந்துவிடும். ஐட்டங்கள் ஒன்றுக்குப் பல. அங்கே 'ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட்': 50 ஆர்டர் ஐடியையும் எஸ்கியூஎல்லின் ஐஎன் (இந்தப் பட்டியலில் உள்ளவை) நிபந்தனைக்குள் கொடுத்துத் தனிக் குவெரி ஓட்டி, பைத்தானில் பொருத்திக்கொள்ளும். ஜாயினே போட்டிருந்தால் ஒவ்வொரு ஆர்டரின் ரோவும் மூன்று முறை வந்திருக்கும். 'ஐட்டம்ஸ்__ப்ராடக்ட்' என்று இரட்டை அடிக்கோட்டோடு கொடுத்தால் பொருட்களும் சேர்ந்து வரும். மொத்தம் 3 குவெரி.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்போதுதான் யாராவது மாடலில் (டேபிளுக்கான கிளாஸில்) ஒரு மெத்தட் எழுதுவார்கள்: கேன்சல் ஆகாத ஐட்டம் மட்டும் வேண்டுமென்று 'செல்ஃப்.ஐட்டம்ஸ்.ஃபில்டர்'. முன்கூட்டி எடுத்து வைத்தது 'ஆல்' கேட்டால்தான் பயன்படும். 'ஃபில்டர்' என்றால் புதுக் குவெரி. அதில் வரும் ஐட்டங்கள் புது ஆப்ஜெக்ட்டுகள், பொருள் அவற்றில் இருக்காது. அதற்கும் ஐட்டத்துக்கு ஒரு குவெரி. ப்ரீஃபெட்ச் போடாமலே இருந்திருக்கலாம். வடிகட்டல் வேண்டுமென்றால் 'ப்ரீஃபெட்ச்' ஆப்ஜெக்ட்டில் குவெரிசெட்டாக (எதை எடுக்க வேண்டும் என்ற வரையறையாக) கொடுத்து, 'டு_ஆட்ர்' மூலம் தனிப் பெயரில் லிஸ்டாக வாங்குங்கள். அந்தக் குவெரிசெட்டிலேயே பொருளை 'செலக்ட்_ரிலேட்டட்' செய்தால் மொத்தம் 2 குவெரிதான்.

சின்னச் சின்ன ஓட்டைகளும் உண்டு. ஐடி மட்டும் தேவையென்றால் 'ஆர்டர்.கஸ்டமர்_ஐடி' போதும்; 'ஆர்டர்.கஸ்டமர்.ஐடி' என்றால் ஆளையே கூப்பிட்டு வரும். சில ஃபீல்டை மட்டும் எடுக்க 'ஒன்லி' போட்டுவிட்டு அதில் சொல்லாத ஃபீல்டைத் தொட்டால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரு குவெரி.

'கனெக்‌ஷன்.குவெரிஸ்' என்பது ஓடிய குவெரிகளின் பட்டியல்; ஜாங்கோவின் டீபக் செட்டிங் ஆனில் இருந்தால்தான் நிரம்பும். அதைவிட டெஸ்ட்டில் குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் 'அசெர்ட்நம்குவெரிஸ்' போடுவது நல்லது, டெம்ப்ளேட்டில் யாராவது புதுப் புள்ளி வைத்தால் உடனே உடையும். டெஸ்ட் டேட்டாவில் ஒரே ஆர்டர் இருந்தால் ஆர்டர் கூடக்கூடக் குவெரியும் கூடுவது பிடிபடாது. 2 ஆர்டரோடும் 5 ஆர்டரோடும் ஓட்டி, எண்ணிக்கை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். லாகின் செய்த பக்கம் என்றால் செஷன், யூசர் குவெரிகளும் கணக்கில் சேரும்.