போனவர் ஏன் போனார்

பிப்ரவரி 3
எங்கள் மார்க்கெட்டிங் துறையை விட்டுப் போன பேராசிரியரின் இடத்துக்கு ஆள் தேடும் விளம்பரத்தில் 'தலைசிறந்த ஆய்வாளர்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'முனைவர் பட்ட மாணவர்களை வளர்த்தவர்' என்று எழுதினேன். கமிட்டியில் இருவருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

பிப்ரவரி 11
மூத்த பேராசிரியர்கள் விண்ணப்பம் போடுவதில்லை. நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் அவர்களுடைய டீன் காதுக்குப் போகாமல். இன்று மூன்று பேரிடம் பேசினேன். இருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். மூன்றாமவர் கேட்டது ஒன்றுதான்: "போனவர் ஏன் போனார்?"

பிப்ரவரி 12
சம்பளம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 20
யாருக்கு நல்ல ஆய்விதழ்களில் எத்தனை கட்டுரை என்று இரண்டு மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். ஃபைனான்ஷியல் டைம்ஸின் 50 இதழ் பட்டியலா, டல்லாஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் 24 இதழ் பட்டியலா என்று சண்டை. மார்க்கெட்டிங்கின் நான்கு பெரிய இதழ்களும் இரண்டிலும் இருக்கின்றன, பிறகு எதற்குச் சண்டை? உண்மையில் சண்டை பட்டியலைப் பற்றியதே இல்லை. கணித மாடல் போடுகிறவர்களுக்கு மாடல் போடுகிறவர் வேண்டும், நுகர்வோர் உளவியல்காரர்களுக்கு உளவியல்காரர். போனவர் விட்டுப் போன ஐந்து முனைவர் பட்ட மாணவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 4
அந்த மூன்றாமவர் உரை நிகழ்த்த வந்தார். 1969இல் ஃபிராங்க் பாஸ் போட்ட மாடலிலிருந்து தொடங்கினார்: புதுப் பொருளைத் தானாக வாங்குகிறவர்கள், அடுத்தவரைப் பார்த்து வாங்குகிறவர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "இரண்டு பேர் ஒரே நாளில் வாங்கினால், ஒருவர் மற்றவரைப் பார்த்துத்தான் வாங்கினாரா, இரண்டு பேரும் ஒரே விளம்பரத்தைப் பார்த்தார்களா, எப்படிக் கண்டுபிடிப்பது?" ஸ்லைடை அப்படியே விட்டுவிட்டு அவளோடு பத்து நிமிடம் போர்டில் மல்லுக்கட்டினார். முழு விடை கிடைக்கவில்லை. கடைசி எட்டு ஸ்லைடுகள் பாக்கி. நேரம் பார்க்கத் தெரியாதவர் என்று கமிட்டியில் ஒருவர் குறித்துக்கொண்டார்.

எனக்கு இவர்தான் வேண்டும்.

மார்ச் 9
ஆறு பரிந்துரைக் கடிதங்களில் ஐந்து வந்துவிட்டன. ஐந்தும் புகழ்மாலை. ஒன்றில் மட்டும், 'தனித்து இயங்குவதில் வல்லவர்.' இதற்கு என்ன அர்த்தம்? யாரோடும் ஒத்துப்போக மாட்டாரா? மாணவர்களைத் தனியே விட்டுவிடுவாரா? வேறு எதையாவது சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாரா? பழைய மாணவர்கள் நான்கு பேருக்குப் போன் செய்தேன். ஒருவர் சொன்னார்: "என் முதல் கட்டுரையை மூன்று முறை கிழித்தார் மேடம். மூன்று முறையும் பக்கத்தில் உட்கார்ந்து கிழித்தார்."

மார்ச் 10
ஆறாவது கடிதம் வரவில்லை.

மார்ச் 18
டீன் ஒப்புக்கொண்டார். அவருடைய கணவருக்கும் இங்கே ஒரு வேலை தேடித்தர வேண்டும். அது எங்கள் கையில் இல்லை. ஆய்வுக்கு டேட்டா வாங்கும் பணத்தை வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்றார்கள். எழுத்தில் வேண்டும் என்று நின்றேன். போனவர் இரண்டு வருடம் கேட்டு அலைந்தது அந்தப் பணத்துக்குத்தான். 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்ற குறிப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது.

மார்ச் 24
இரவு அவரைக் கூப்பிட்டு, போனவர் போனது சம்பளத்துக்காக இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மார்ச் 27
"மேடம், நான் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள்ளவா?" அந்த ஐந்து பேரில் ஒருத்தி, இந்த மாதத்தில் மூன்றாவது முறை கேட்கிறாள். திங்கள்வரை பொறு என்றேன்.

மார்ச் 30
இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறார். கொடுத்தேன்.