தூங்கப் போன மடிக்கணினியும் 2 ஜிபி ஸ்வாப்பும்

மே 17

வண்ணாரப்பேட்டை அச்சகத்தில் மடிக்கணினியைத் திறந்தபோது திரை கருப்பாகவே கிடந்தது. காலை ஒன்பது மணிக்குத் தண்டையார்பேட்டை வீட்டில் மூடியைக் கவிழ்த்துக் கிளம்பினேன்; அச்சகத்தில் என் முறை வந்ததோ மாலை நான்கு மணிக்கு. மூடியைக் கவிழ்த்தால் கணினி போகும் சஸ்பெண்ட் என்ற தூக்க நிலையில், திறந்திருந்த வேலை முழுவதும் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும், அதற்கு மின்சாரம் கொஞ்சமாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதும், ஆறு வயதான என் பேட்டரிக்கு அதுவே பாரம் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் சேமிக்காமல் மூடினேன். மூன்று முறை பிழை திருத்திய காதணி விழா அழைப்பிதழ் போயிற்று.

மே 18

ரேமில் உள்ளதை ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டு முழுவதுமாக அணைந்துவிடும் ஹைபர்னேட்தான் இனி வழி. என் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் கட்டளை கொடுத்தேன். ஸ்வாப் இடம், அதாவது ரேமில் கொள்ளாததை ஒதுக்கிவைக்க டிஸ்கில் விடும் இடம், போதாது என்று மறுத்துவிட்டது; ஹைபர்னேட்டும் அங்கேதான் எழுதும். ரேம் 8 ஜிபி இருக்க, நிறுவும்போது டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்ததில் ஸ்வாப் பகிர்வுக்கு 2 ஜிபி மட்டும் ஒதுக்கிய சிக்கனம் என்னுடையதுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், டிஸ்கில் எழுதும் இந்த ரேம் நகலை இயல்பாக ரேமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள், அதாவது சுமார் 3.2 ஜிபிக்குள், அடக்கப் பார்க்கும். அது இலக்குதானே தவிர உத்தரவாதம் இல்லை. ஸ்வாப்பில் ஏற்கெனவே ஒதுங்கியிருப்பவற்றுக்கும் அங்கேயே இடம் வேண்டும். 10 ஜிபி என்று முடிவு செய்தேன். 1990களின் மடிக்கணினிகள் சிலவற்றில், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸே இந்த வேலையைச் செய்ததால், இதற்கென்றே தனிப் பகிர்வு ஒன்றை ஒதுக்க வேண்டியிருந்தது. பெயர்கள்தான் மாறியிருக்கின்றன, இடப் பிரச்சினை அதேதான்.

மே 20

கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்த பிறகு, யூஎஸ்பியிலிருந்து பகிர்வுகளை மாற்றும் மென்பொருளான ஜிபார்ட்டட்டை ஏற்றினேன், ஏனெனில் பயன்பாட்டில் இருக்கும், இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறையில் அமைந்த பகிர்வைச் சுருக்க முடியாது. இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வின் வால்பக்கத்தில் 8 ஜிபி வெட்டி, அடுத்திருந்த ஸ்வாப்பை அழித்துவிட்டு 10 ஜிபியில் புதிதாக அமைத்தேன். தலைப்பக்கத்தில் வெட்டியிருந்தால் தரவு முழுவதையும் நகர்த்த வேண்டியிருக்கும். அதைவிட ஒரு இரவு கண்விழிப்பதே மேல். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் அணைந்தால் பகிர்வே பாழாகிவிடும் என்பதால், மடிக்கணினியின் பிளக்கை இன்வெர்ட்டர் இணைப்பில் சொருகிய பிறகே பொத்தானை அழுத்தினேன்.

மே 21

இன்று கணினி எழவே ஒன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்தது. ஸ்வாப்பைப் புதிதாக அமைத்தால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். எந்தெந்தப் பகிர்வை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்போ பழைய எண்ணைத் தேடிக் காத்திருந்தது. அதைத் திருத்திவிட்டு ஹைபர்னேட் கொடுத்தேன். டிஸ்க் விளக்கு மின்னி, கணினி அணைந்தது. மறுபடி இயக்கினால், ஒன்றும் நடக்காததுபோல் புதிதாகத் தொடங்குகிறது! எழுதியது எங்கே இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லும் ரெஸ்யூம் கோப்பில் இன்னும் பழைய எண்ணே இருந்தது. அதையும் மாற்றி, கணினி எழும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்ததும் சரியாயிற்று.

மே 24

மூடியைக் கவிழ்த்தால் முதலில் சஸ்பெண்ட், அரை மணி நேரம் கழித்து ஹைபர்னேட் என்று அமைத்துவிட்டேன். இன்று காலை முதல் மாலை வரை மடிக்கணினி பைக்குள்ளேயே இருந்தது. அச்சகத்தில் எடுத்தபோது அடிப்பக்கம் சில்லென்றிருந்தது. திறந்து பொத்தானை அழுத்தியதும், காதுகுத்தும் நேரம் 9.00 முதல் 10.30 வரை என்ற வரியில், பாதியில் விட்ட இடத்திலேயே கர்சர் நின்றது.