மரக்காணத்திலிருந்து குறிஞ்சிப்பாடிக்கு: சவுக்குத் தோப்புகளின் வழியே

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போகும்போது காதில் ஒரு இரைச்சல் விழும். கடல் என்றுதான் தோன்றும். வண்டியை ஓரங்கட்டினால் தெரியும், அது சவுக்குத் தோப்பு. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று இந்தக் கரையில் நட ஆரம்பித்த மரம். இன்று காகித ஆலை, சாரக்கழி, செங்கல் சூளை, கொதிகலன் என்று அதற்கு ஏகப்பட்ட கிராக்கி.

கீழே கிடக்கும் ஊசியை எடுத்துப் பாருங்கள். அது இலை இல்லை, கணுக்கணுவான மெல்லிய கிளை. ஒரு கணுவைப் பிய்த்தால் சுற்றிலும் நுண்ணிய பற்கள் தெரியும், அவைதான் இலை. பல் 7, 8 என்றால் பழைய நாட்டுச் சவுக்கு. 9, 10 என்றால் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜுங்குனியானா. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், நாற்று வாங்கும்போது ஏமாற வேண்டாம். நாட்டுச் சவுக்கு கடலோர மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும். உள்ளே தள்ளி, கொஞ்சம் இறுகிய மண்ணுக்கும் வறட்சிக்கும் ஜுங்குனியானா தேவலாம். இரண்டையும் கலந்து கோவை வன மரபியல் நிறுவனம் வெளியிட்ட கலப்பின ரகங்களும் இப்போது நிறையவே தென்படுகின்றன.

கடலூரை நெருங்கினால் நாற்றங்கால்கள். விதைநாற்றில் முதல் எதிரி எறும்பு. பொடி விதை, தூவிய அன்றே தூக்கிக்கொண்டு போய்விடும். பாத்தி ஓரமெல்லாம் எறும்புக்கு மருந்து போட்டுவிட்டுத்தான் விதைக்க வேண்டும். குளோன் நாற்று வேறு வேலை: இளம் பச்சைக் கிளையை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, அடியை வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் செருகி, பாலித்தீன் கூடாரத்துக்குள் வைக்கிறார்கள். மூன்று வாரத்தில் வேர். கூடாரத்தைத் திறந்த வேகத்தில் வெயிலில் வைத்தால் அத்தனையும் கருகிவிடும். ஒரு மாதமாவது நிழல்வலையில் பழக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சவுக்கு வேரில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சுப் போட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். சவுக்கே கண்டிராத நிலத்தில் அது இருக்காது. நாற்று மஞ்சளடித்து நிற்கும். பழைய தோப்பில் மேல்வேரைத் தோண்டி, முடிச்சுகளை நசுக்கித் தண்ணீரில் கரைத்து, நாற்றங்காலிலேயே ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. யூரியா கொட்டினால் முடிச்சு குறையும்.

இடைவெளிதான் முழுக் கணக்கும். நாலடிக்கு நாலடி என்றால் ஏக்கருக்கு 2,722 மரம். ஐந்தடிக்கு ஐந்தடி என்றால் 1,742. நெருக்கி நட்டால் மெலிந்து நெடுநெடுவென்று போகும். வாழைக்கு முட்டுக் கொடுக்கவும் பந்தலுக்கும் அது சரி. ஆலைக்குப் பருமன் வேண்டும், விலை டன் கணக்கில். அதற்கு மூன்றடி வைத்துவிட்டு நாலு வருஷம் கழித்து "தேறவில்லையே" என்பது மரத்தின் குற்றமல்ல. ஐப்பசி மழையில் நட்டு, முதல் வருஷம் ஊடே மல்லாட்டையோ (நிலக்கடலை) உளுந்தோ போட்டால் களையும் அடங்கும், கைச்செலவுக்கும் ஆகும்.

குள்ளஞ்சாவடிச் செம்மண்ணில் தோப்புகள் அடர்த்தி. இங்கே ஒரு தண்டில் மரத்தூளும் நூலும் பின்னிய பழுப்பு நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டைப்புழு. பகலில் துளைக்குள் ஒளிந்து, ராத்திரியில் அந்த நாடாவின் அடியில் பட்டையைத் தின்னும். நாடாவை வழித்துவிட்டு, துளையில் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெய்ப் பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைக்கிறார்கள். கிளை கழிக்கும்போது பட்டை கிழிந்த இடம்தான் அதற்குப் பெரும்பாலும் வாசல்; இழுத்து ஒடிக்காமல் கத்தரிக்க வேண்டும், அதுவும் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கு வரைதான். பட்டை கொப்புளித்து வெடித்து, தொட்டால் கரிப்பொடி ஒட்டினால் அது வேறு, பூஞ்சை நோய். மருந்து தேடி அலையாமல் அந்த மரத்தை வெட்டிக் கொளுத்துவதே நல்லது. வறட்சியிலும் நெருக்கத்திலும் வாடிய தோப்பில்தான் அது வேகமாகப் பரவும்.

2011 டிசம்பர் 30 விடியலில் கரையேறிய தானே புயல் இந்த வட்டாரத்துத் தோப்புகளை முறித்துப் போட்டது. ஒரே நாளில் எல்லோர் மரமும் விழுந்தால் வாங்குகிறவன் வைத்ததுதான் விலை. மொத்தத்தையும் ஒரே வயதில் வைக்காமல், வருஷத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்து நடுவது அதனால்தான்.

வெட்டும் இடத்தில் பட்டையைத் தோப்பிலேயே உரித்துப் போடுகிறார்கள். ஊசிச் சருகோடு அதுவும் மட்கட்டும். சருகை அடுப்புக்கு வாரிக்கொண்டு போனால் மண்தான் இளைக்கும். பச்சைக் கட்டையில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். வெட்டிய கையோடு எடைமேடை ஏற்றினால் விற்பவருக்கு லாபம், காயவிட்டால் எரிப்பவருக்கு. கரூர் காகிதபுரம் ஆலை வரை லாரிக் கூலி கொடுக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

குறிஞ்சிப்பாடி தாண்டினால் தூரத்தில் நெய்வேலியின் புகைபோக்கிகள். அந்த மண்ணுக்கடியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியை விட, நன்றாகக் காய்ந்த சவுக்கு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 5,000 கிலோகலோரி தந்து கூடுதலாகவே எரியும். வழியில் ஒரு வயலில் ஜேசிபி தூர் பிடுங்கிக்கொண்டிருந்தது. நாட்டுச் சவுக்கு மறுதாம்பு, அதாவது வெட்டிய தூரிலிருந்து வரும் துளிர், சரியாகத் தழைக்காது என்பதால் தூரும் விறகாகப் போய்விடும். அந்தக் குழிகளை மூடி உழுது, அடுத்த போகம் மல்லாட்டை.