தண்ணி ஏறுற நேரமா பாத்து போங்க

போன அக்டோபர்ல மூணு சனிக்கிழமை பறவை பாக்க சிங்கப்பூர்ல இருக்குற சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனேன், மூணு தடவையும் குளம் காலி. கிராஞ்சி எம்ஆர்டில எறங்கி 925 பஸ் பிடிச்சு வேர்க்க விறுவிறுக்க நடந்து போய் அந்த மர மறைவுக்குள்ள உக்காந்தா ஒரு உடும்பு, ரெண்டு கொக்கு, அவ்ளோதான். வலசை சீசன்னு சொல்றாங்களே, பறவை எங்கடான்னு செம கடுப்பு. மூணாவது தடவ பெரிய லென்ஸோட பக்கத்துல இருந்த சீன அங்கிள் ஒருத்தர்தான் கேட்டாரு, டைட் டேபிள், அதாவது கடல் ஏறி வத்துற நேரப் பட்டியல், பாத்துட்டு வந்தியான்னு. திருதிருன்னு முழிச்சேன்.

கடல் வத்துனா சேறு தெரியும், சேறு தெரிஞ்சா பறவை வரும்னு நெனச்சிருந்தேன், மூணு தடவையும் போனதும் கடல் வத்துன நேரம்தான்! கணக்கு சரிதான், இடம்தான் தப்பு. அந்தச் சேறு கிராஞ்சி அணைக்கு அந்தப்பக்கம், மண்டாய் கரையில இருக்கு. கடல் வத்துனதும் எல்லாம் அங்க போயி புழு, நண்டு, சிப்பின்னு மேயும். தண்ணி ஏறி சேறு முங்குனா நிக்க இடம் இல்லாம கெளம்பி சுங்கை பூலோ குளத்துக்கு வந்து தூங்கும். அதாவது சாப்பாட்டு ரூம் ஒரு பக்கம், படுக்குற ரூம் இன்னொரு பக்கம், நடுவுல சில கிலோமீட்டர்.

அடுத்த வாரம் தண்ணி ஏறுற நேரமா பாத்து அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். முதல்ல ஒண்ணுமில்ல, அப்புறம் ஜோகூர் நீரிணைப் பக்கத்துலேர்ந்து அம்பது அறுபது ஒரே கூட்டமா வந்து ஒரு சுத்து சுத்தி எறங்குச்சு. காலெல்லாம் செவப்பு, அலகு அடியில செவப்பு, பவளக்காலி. கொஞ்ச நேரத்துல ஒண்ணொண்ணா ஒரு கால மடக்கி அலக முதுகு எறகுக்குள்ள சொருகிக்கிச்சு. அம்மா வேதாரண்யம் பக்கம், "அட, இது நம்ம உப்பளத்துல நிக்கிற உள்ளான்டா, இதுக்கா பஸ் ஏறி வந்தோம்"னாங்க.

இந்தக் குளமெல்லாம் அந்தக் காலத்துல எறா வளத்த குளம். கடல் ஏறும்போது மதக தொறந்தா தண்ணியோட எறாக் குஞ்சும் உள்ள வந்துரும், மூடி வளத்து, வத்தத்துல தொறந்து மதகு வாயில வலை கட்டிப் பிடிச்சுக்குவாங்க. இப்ப அதே மதகு வேலைய வச்சுத்தான் பறவை நிக்கிற அளவுக்கு தண்ணிய கொறைச்சு வைக்கிறாங்க. 1986ல பறவை பாக்குறவங்க கண்ணுல பட்டு, 1993ல பூங்காவா தொறந்து, 2002ல சட்டப்படி காப்பகம் ஆச்சு.

ஆனா மண்டாய்க்கு அந்த யோகம் 2018லதான், 72.8 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவா ஆக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. 2020ல ரெண்டையும் கிராஞ்சி சதுப்பையும் இன்னும் சில இடத்தையும் சேத்து 400 ஹெக்டேருக்கு மேல ஒரே வலையா திட்டம் போட்டாங்க. என்னக் கேட்டா இது ரொம்ப லேட். குளம் பாக்க அழகா இருக்கு, போட்டோ எடுக்கலாம், அதனால தப்பிச்சுது, நாத்தமடிக்கிற சேத்த யாரு காப்பாத்துவா? எங்க சித்தப்பா பையன்கூட "வெறும் சேத்துக்கு எதுக்குண்ணே இவ்ளோ அலப்பறை"ன்னு கேட்டான். சேறு போச்சுன்னா குளம் வெறும் லாட்ஜ்தான்டா, சோறு போடாத லாட்ஜ்ல எவன் தங்குவான்னேன்.

இது இந்த ஒரு ஊரு கதை மட்டும் இல்ல. இங்க சாட்டிலைட் கருவி மாட்டி விட்ட பறவைங்க இமயமலைய தாண்டிப் போனத 2020ல வந்த ஆராய்ச்சியில காட்டுனாங்க, நூத்தி சொச்சம் கிராம் இருக்குற பவளக்காலி திபெத் பீடபூமி வரைக்கும் போகுது! வழியில ஒரு எடம் போனாலும் சிக்கல்தான். தென் கொரியாவுல சேமங்கும்னு ஒரு கழிமுகம், 2006ல 33 கிலோமீட்டருக்கு கடல்சுவர் கட்டி அடைச்சாங்க, அங்க எறங்கி கொழுப்பேத்திக்கிட்டு இருந்த கிரேட் நாட்ங்கிற (Great Knot) உள்ளான் வகை வேற எடத்துக்கு மாறிப் பொழைச்சுக்கல, எண்ணிக்கையே சரிஞ்சிருச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல அம்மாகிட்ட டைட் டேபிள் ஆப்ப பெருமையா காமிச்சேன். "இதுக்கு எதுக்கு போனு, அமாவாசை பௌர்ணமி ஒட்டி தண்ணி ஜாஸ்தி ஏறும், கோயில் காலண்டர்லயே இருக்கு"ன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து காலண்டர புரட்டுனா அடுத்த அமாவாசை சனிக்கிழமையே வருது. போலாமான்னு கேட்டேன், அன்னிக்கு படையல் இருக்கு, மறுநாள் போலாம், தண்ணி ஒரு நாள்ல ஒண்ணும் கொறஞ்சிறாதுன்னாங்க.