குப்பைக்கூடையோடு ஒரு பருவம்

தொல்லியல், மானிடவியல், வரலாறு மூன்றையும் ஒரே தாளாக முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தச் சொன்னார்கள். இருந்த 15 வாரங்களை ஐந்தைந்தாகக் கூறுபோட்டேன். கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது.

விடைத்தாள்களைத் திருத்தியபோது விளங்கியது. பழம்பொருள்களின் காலத்தைக் கணிக்க உதவும் கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 5730 ஆண்டுகள் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஆனால், ஒரு வீட்டின் மரத்தூணைச் சோதித்தால் கிடைப்பது எதன் காலம் என்ற கேள்விக்கு, வீடு கட்டிய காலம் என்றே பெரும்பாலோர் பதில். அந்த மரத்திசு வளர்ச்சியை நிறுத்திய காலம்தான் கிடைக்கும். முதிர்ந்த மரத்தின் வைரப் பகுதியாக இருந்தால், வெட்டியதற்குப் பல ஆண்டுகள் முந்தைய கணக்கு வரும். தூணே பழைய வீட்டிலிருந்து பெயர்த்து வந்ததாகவும் இருக்கலாம். இதை அவர்கள் யோசிக்கும்படி நான் நடத்தவில்லை. முடிவுகளை ஒப்பிக்க மட்டும் கொடுத்திருந்தேன்.

மறு பருவத்தில் ஒரு பழைய வழியைக் கடன் வாங்கினேன். அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973இல் அரிசோனா பல்கலைக்கழக மாணவர்களோடு டூசான் நகரத்து வீட்டுக் குப்பையை ஆராயத் தொடங்கினார். குடிக்கும் பீரைப் பற்றி மக்கள் வாயால் சொன்ன கணக்கு ஒன்று. குப்பையில் கிடந்த கணக்கு அதைவிடக் கூடுதல். எங்களுக்கு ஊர்க்குப்பை எதற்கு? துறை அலுவலகத்தின் ஒரு வாரக் காகிதக்கூடை போதும். ஊழியர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கினோம். ஓர் அணிக்குக் கோப்புகள், ஓர் அணிக்கு நேர்காணல், ஓர் அணிக்குக் கூடை.

கூடை அணியினர் முதல் வேலையாக அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்கள்! திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரே குவியல். கோபம் வந்தது, கொஞ்சம் கத்தியும்விட்டேன். மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது என்று மூன்று வகுப்புகள் பேசியவன் நான். ஆனால், தோண்டுவது என்றாலே அழிப்பதுதான், திரும்ப அடுக்க முடியாது என்பதை அந்த ஐந்து விநாடி கற்றுக்கொடுத்த அளவுக்கு என் மூன்று வகுப்புகள் கற்றுக்கொடுக்கவில்லை. மறுவாரம் புதுக் கூடை. இம்முறை அடுக்கடுக்காக எடுத்து, எண்ணிட்டு, படம் வரைந்தார்கள்.

அதில்தான் கசக்கிய காகிதங்கள் மூன்று அகப்பட்டன. ஒரே விடுப்பு விண்ணப்பத்தின் வரைவுகள். ஒவ்வொன்றிலும் வேறு காரணம். கோப்பு அணியிடம் நான்காவது காரணத்தோடு கையெழுத்திட்ட பிரதி இருந்தது. நேர்காணல் அணியிடம் அதை எழுதிய ஊழியர் சொல்லியிருந்ததோ, தான் விடுப்பே எடுப்பதில்லை என்று.

வகுப்பு சிரித்து ஓய்ந்த பின் ஒரு மாணவி கேட்டாள்: "இதை அறிக்கையில் எழுதலாமா, ஐயா?" குப்பையைப் பார்க்கத்தான் அவர் சம்மதித்தார், இதைச் சொல்லித்திரிய அல்ல. அன்றைய பாடத்தை நிறுத்திவைத்தேன். 1942இல் மறைந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் அந்தரங்கக் களக் குறிப்புகளை 1967இல் அச்சிட்டது சரியா என்பது வரை வாதம் நீண்டது. ஆய்வுலகுக்கு அது தேவை என்றது ஒரு பாதி. அவரைக் கேட்க முடியாதே என்றது மறுபாதி.

எங்கள் ஆளைக் கேட்க முடியும். அந்த மாணவியே போய்க் கேட்டாள். அவர் கொஞ்சம் நெளிந்துவிட்டுச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அறிக்கையில் இப்போது இப்படி இருக்கிறது: "அடுக்கு 4: கடித வரைவுகள் மூன்று. உள்ளடக்கம் உரியவர் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது."