முதுகில் குடல்

நேற்றுக் காலை வெள்ளவத்தைச் சந்தையில் இறாலும் ஒரு சிறிய பாரையும் வாங்கி வந்தேன். விலையைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும். இறால் துப்புரவாக்கும் வேலை வழக்கம்போல் என் தலையில் விழுந்தது.

முதுகைக் கீறி நாம் இழுத்தெடுக்கும் கறுப்பு நூல் இறாலின் குடல். அதன் நரம்பு வடமோ வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. இதயம் முதுகுப் பக்கம். பக்கத்தில் கிடந்த பாரையில் எல்லாமே நேரெதிர்: நரம்பு மேலே முள்ளெலும்புக்குள், குடலும் இதயமும் கீழே.

இறாலைக் கவிழ்த்துப் பிடித்தால், மீனைப் போல முதுகெலும்புள்ள நம் உடலின் வரைபடம்! பிரான்சின் விலங்கியலாளர் ஜோஃப்ருவா செந்தீலேர் 1822இலேயே இதைச் சொன்னார். பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. 1990களில் மரபணுக்கள் அவர் பக்கம் சாட்சி சொல்ல வந்தன. தவளைக் கருவில் முதுகுப்பக்கம் நரம்புத் திசு உருவாக வழிவிடுவது கோர்டின் என்ற மரபணு. பழ ஈயில் அதே வேலையை வயிற்றுப்பக்கம் செய்வது சொக் என்ற மரபணு. இரண்டும் ஒரே மூதாதை மரபணுவின் வாரிசுகள். ஈயினதைத் தவளைக் கருவில் இட்டபோதும் அது வேலை செய்தது!

ஆகவே கேம்பிரியக் காலத்துக்கும் முன்பு, 54 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், இறால், நாங்கள் என்ற இரு வம்சத்துக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. பிறகு ஒரு வம்சம் முதுகு வயிறு மாறிப் புரண்டுவிட்டது. புரண்டது இறால் அல்ல, பெரும்பாலும் நாங்கள்தான் என்கிறார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஆர்வமாக விளக்கினேன். அரைக் கிலோவுக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டார்.