ஓட்டை போட்ட தொட்டியும் தொங்கும் பெட்டியும்

பவளத் தொட்டி அமைத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். மேல்மட்ட நீர் வழிந்து இறங்கக் கண்ணாடியில் ஓட்டை போடுவது. தொட்டி அடுத்தவருடையது, விரிசல் விட்டால் என் தலையில் விழும். அதனால் யார் கேட்டாலும் "தொங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியே போதும் சார்" என்று சொல்லிவிடுவேன். விளிம்பில் மாட்டினால் அதுவே நீரை வெளியே இறக்கும், தொட்டியை வெட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம் என்று காரணங்களும் தயாராக இருக்கும். எதுவும் பொய்யில்லை. ஆனால் பயத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டேன்.

மேல்மட்ட நீரில் கட்டும் கழிவுப் படலத்தை வழித்துக் கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்புக்கு இறக்க வேண்டும். கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து ரிட்டர்ன் பம்ப் நீரைத் திரும்ப மேலே ஏற்றும். பம்ப் ஏற்றும் அளவு நீர் இறங்கியாக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஓட்டை போட்ட தொட்டியில் நீர் தன் எடையாலேயே குழாய்க்குள் விழுகிறது. தொங்கும் பெட்டியில் அது கண்ணாடி விளிம்பை ஏறிக் கடக்க வேண்டும். அதற்குத்தான் தலைகீழாகக் கவிழ்த்த யூ குழாயும், காற்றில்லாமல் நிரம்பிய குழாய் நீரை மேடேற்றி இழுத்து இறக்கும் சைஃபனும்.

அந்தப் பெட்டி அழகான வித்தை, சந்தேகமில்லை. மின்சாரம் போனாலும் யூ குழாயின் இரண்டு முனையும் நீருக்குள்ளேயே நிற்கும். சைஃபன் அறுபடாது, மின்சாரம் வந்ததும் தானே ஓடும். வாடிக்கையாளர் முன்னால் பம்பை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுவேன். அதைப் பார்த்து அவர்களைவிட நான்தான் அதிகம் மயங்கியிருந்தேன்.

ஒருநாள் விடிகாலையில் போன் வந்தது. கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். மின்சாரம் போகவே இல்லையாம். அதுதான் எனக்குப் புரியவில்லை.

போய்ப் பார்த்தால் யூ குழாயின் வளைவில் காற்று நிரம்பிக் கிடந்தது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய குழாயாகப் பார்த்துப் போட்டிருந்தேன். பம்ப் சின்னது. அகலமான குழாயில் நீர் மெதுவாக நகர்ந்தால் நுண்குமிழ்களை இழுத்துக்கொண்டு போகும் வேகம் அதற்கு இருக்காது. குமிழ்கள் வளைவின் உச்சியில் ஒதுங்கி, நாள்கணக்கில் சேர்ந்து, ஒரு ராத்திரி சைஃபனை அறுத்துவிட்டன. பாதுகாப்புக்கென்று நான் கூட்டிய அகலமே கெடுத்தது. பம்புக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு ஏற்றியது. சம்ப்பில் மட்டம் குறைந்ததைப் பார்த்து, ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கிக் கருவி ஆவியாகிவிட்டது என்று நினைத்து நல்ல தண்ணீரையும் கொட்டியிருந்தது. அதையும் பம்ப் மேலே ஏற்றித் தரைக்கு அனுப்பிவிட்டது.

மூத்தவர் ஒருவரை அழைத்திருந்தேன். அவர் யூ குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, சம்ப்புல பம்ப் நிக்கிற அறையில எத்தனை லிட்டர்? மேல விளிம்புக்கும் தண்ணிக்கும் எத்தனை சென்டிமீட்டர்?" என்றார்.

"அளந்ததில்லைண்ணே."

அளந்தோம். தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம். ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 7.2 லிட்டர். விளிம்புக்குக் கீழே விட்டிருந்த இடம் 2 சென்டிமீட்டர், அதாவது 14.4 லிட்டர் தாங்கும். பம்ப் உறிஞ்சக்கூடிய நீரோ 30 லிட்டர். பெட்டி என்றைக்கு நின்றாலும் பாதிக்கு மேல் தரைக்குத்தான் வரும் என்பது மாட்டிய அன்றே முடிவாகியிருக்கிறது.

அப்புறம்தான் ட்ரில்லைக் கையில் எடுத்தேன். உடைந்த தொட்டிகளின் கண்ணாடியில் பழகினேன். வைரத் துகள் பதித்த வட்ட பிட், குறைந்த வேகம், சுற்றிலும் களிமண் போன்ற புட்டியால் கட்டிய குட்டி வரப்பு, அதற்குள் நிற்கும் தண்ணீர். அழுத்தக் கூடாது, பிட் தன் எடையிலேயே இறங்க வேண்டும். கண்ணாடி மாவு சாம்பல் நிறக் குழம்பாக வரும்போது அவசரம் வரும், அங்கேதான் கையை அடக்க வேண்டும். கடைசி மில்லிமீட்டரில் அழுத்தினால் பின்பக்கம் சில்லு தெறிக்கும். சூடாக்கிக் கடினப்படுத்திய டெம்பர்ட் கண்ணாடியைத் துளைக்கவே முடியாது, மொத்தமும் நொறுங்கிவிடும். நல்லவேளை, இதை என் சொந்தத் தொட்டியில்தான் கற்றுக்கொண்டேன். பல தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் டெம்பர்டாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் எல்சிடி திரையை வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தால் திட்டுத்திட்டாக நிழல் தெரியும். தெரிந்தால் ட்ரில்லை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

ஓட்டை போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். ஒரு நத்தை வந்து அதையும் தீர்த்துக்கட்டியது. ஒற்றைக் குழாயின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து இரண்டு குழாய்க்குக் குறைந்து போடுவதில்லை. ஹெர்பி முறையில் ஒன்று ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கேட் வால்வோடு முழு சைஃபனாக ஓடும், மற்றொன்று அவசரத்துக்குக் காலியாக நிற்கும். இடமிருந்தால் மூன்று குழாய் வைக்கும் பீன் அனிமல் முறை. ஒற்றை ஓட்டையைவிட ஒழுங்காகப் பராமரிக்கும் தொங்கும் பெட்டியே மேல் என்றுகூடச் சொல்வேன். தொழிலில் இதை ஒப்புக்கொள்பவர்கள் குறைவு.

ரிட்டர்ன் குழாயின் முனையும் பொல்லாதது. நீர்மட்டத்துக்கு 4 சென்டிமீட்டர் கீழே வைத்தால் பம்ப் நின்றதும் அதே தொட்டியில் 28.8 லிட்டர் பின்னோக்கி சம்ப்புக்கு இறங்கும். நீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வில் சுண்ணாம்பு படிந்தால் மூடாது, சைஃபனை உடைக்கப் போடும் குட்டித் துளையில் பாசி அடைக்கும். நான் முனையை மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்துவிடுகிறேன்.

இப்போது காலித் தொட்டியோடு வருபவரிடம் பேச்சே இல்லை, ஓட்டைதான். இரண்டு வருடம் வளர்ந்த பவளங்களோடு ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி என்றால் கை வைக்கமாட்டேன். நீரைப் பாதி இறக்கிவிட்டுத் துளைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, வரவும் வேண்டாம். அங்கே தொங்கும் பெட்டிதான். பம்புக்கு ஏற்ற குறுகலான யூ குழாய், ஒன்றுக்கு இரண்டாக. பம்ப் அறையின் கொள்ளளவையும் குறைத்துவிடுவேன்.

ஒப்படைக்கும் நாளில் இப்போது பம்பை நிறுத்திக் காட்டுவதில்லை. யூ குழாய்க்குள் காற்றை ஊதி சைஃபனை நானே அறுக்கிறேன். சென்ற மாதம் ஒருவர் பதறிப்போய்த் துண்டுகளை எடுத்து வந்து தொட்டியைச் சுற்றிப் போட்டார். மட்டம் ஏறியது, ஏறியது, விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. பம்ப் காற்றைக் குடித்துக் கரகரத்தது. சுவிட்சை அணைத்தேன். அவர் குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார்.